மதிப்பகத்துக்கு ஒரு மாவுக்கட்டு

பெண்டாட்டி எலும்பை ஒடித்து அனுப்புகிறாள், புருஷன் ஒட்டி அனுப்புகிறான் என்றால் ஊர் என்ன சொல்லும்? இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு தொழில் நடத்துகிறார்கள் என்றுதான் சொல்லும். சொல்லவும் சொன்னது. ஆனால் கணக்கு டீச்சர் தன் உத்தியோக காலத்தில் ஓர் ஈயைக்கூட அடித்தவர் இல்லை. அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் சாக்பீஸ் துண்டு. அதையும், தூங்குகிற பிள்ளையின் பக்கத்து இடத்தைக் குறிபார்த்துத்தான் எறிவார். அவருடைய கணவர் பெரியாஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவில் மாவுக்கட்டு போடுகிறவர். அவரவர் பாட்டுக்கு இருந்த இந்த இரண்டு உத்தியோகத்துக்கும் முடிச்சுப் போட்டது, கணக்கை அனுபவத்தால் கற்பிக்க அரசாங்கம் புதிதாகத் தொடங்கிய வாழ்க்கைக் கணித இயக்ககம்.

அன்று பத்தாம் வகுப்பில் சார்புகள் பாடம். டீச்சர் தனக்குப் பிடித்த உதாரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார்புங்கறது மாவு அரைக்கிற மிஷின் மாதிரி. மேல ஒண்ணைப் போட்டா கீழ ஒண்ணு வரும். என்னென்ன போடலாங்கற கூட்டத்துக்குப் பேர்தான் மதிப்பகம். தானியத்தைப் போடலாம். கல்லைப் போடலாமா? கூடாது."

கடைசி பெஞ்சில் பார்வையாளராக உட்கார்ந்திருந்த இயக்கக ஆய்வாளர் தேள் கொட்டியவர்போல எழுந்தார். குள்ளமான மனிதர். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய சென்ட் வாசனை வரும். அவர் போன பிறகும் அது போகாது.

"டீச்சர், நிறுத்துங்க. இப்ப என்ன வார்த்தை சொன்னீங்க?"

"மதிப்பகம் சார்."

"அது இல்லை. கடைசியா."

"கூடாதுன்னு சொன்னேன்."

"பிள்ளைங்ககிட்ட கூடாதுன்னு சொல்லக் கூடாது! மேலிடத்து உத்தரவு இது. கூடாது, முடியாது, ஆகாது, இந்த மூணும் வகுப்பறைக்குள்ள வரக் கூடாது. தன்னம்பிக்கை போயிடும்."

டீச்சர் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தார். "சார், எதைப் போடக்கூடாதுங்கறதுதானே இந்தப் பாடமே? அதைச் சொல்லாம எப்படி நடத்தறது?"

ஆய்வாளர் புன்னகைத்தார். சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்த புன்னகை. "சொல்லாதீங்க. அனுபவிக்க விடுங்க. கல்லைப் போடட்டும். மிஷின் உடையட்டும். உடைஞ்சாத்தான் மனசுல பதியும். அடுத்த வகுப்பு வெளியில. நிஜ வாழ்க்கையில. நான் வந்து பார்ப்பேன்."

டீச்சர் வீட்டுக்குப் போய் யோசித்து யோசித்து, உலகத்திலேயே சாதுவான உதாரணம் ஒன்றைக் கண்டுபிடித்தார். மாடி வராந்தாவிலிருந்து ஒரு ரப்பர் பந்தைக் கீழே போடுவது. நேரம் ஆக ஆக உயரம் குறையும். பந்து கையை விட்ட நொடியிலிருந்து தரையைத் தொடும் நொடிவரைதான் அந்தக் கணக்கு செல்லும். அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அவ்வளவுதான் மதிப்பகம். யாருக்கும் ஒரு சிராய்ப்பு வராது.

ஆனால் ரப்பர் பந்துகள் விளையாட்டு அறைக்குள் இருந்தன. அந்த அறையின் சாவி தொலைந்துபோயிருந்தது. டிரில் மாஸ்டர் தன் மேஜைக்கடியில் துழாவி இரும்புக் குண்டு ஒன்றை எடுத்து வந்தார். எறிதல் போட்டியில் எறிகிற குண்டு.

"பந்துன்னா பந்துதானே டீச்சர்? இதுவும் உருண்டைதான்."

"சார், இது..." என்று தொடங்கிய டீச்சரின் தொண்டையில் அந்த வார்த்தை வந்து நின்றது. ஆய்வாளர் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் எச்சிலோடு வார்த்தையையும் சேர்த்து விழுங்கினார்.

குண்டு கீழே போயிற்று. அதே நேரத்தில் தலைமை எழுத்தர் டீ கிளாசும் கையுமாக வராந்தாவுக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். முதலில் கேட்டது கிளாஸ் உடைந்த சத்தம். அடுத்து, முறுக்கிய துணியை உதறியதுபோல ஒரு சத்தம். அலறல் அதற்குப் பிறகுதான் வந்தது. செருப்பின் வாரையும் கால் கட்டைவிரலையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மாடியிலிருந்து எட்டிப்பார்த்த பிள்ளைகளில் இருவர் அங்கேயே வாந்தி எடுத்தார்கள்.

ஆய்வாளர் மட்டும் படியில் குதித்து இறங்கினார். காயத்தின் அருகே குந்தி உட்கார்ந்தவர் முகமெல்லாம் மலர்ந்து நிமிர்ந்தார்.

"அற்புதம் டீச்சர்! புத்தகத்துல தரைவரைக்கும்னு இருக்கு. நிஜத்துல பாருங்க, தரைக்கு ஒரு கால் உயரம் முன்னாடியே மதிப்பகம் முடிஞ்சுபோச்சு! இதை எந்தப் புத்தகம் சொல்லும்?"

"ஐயோ, அம்மா" என்றார் தலைமை எழுத்தர்.

"கேட்டுக்கங்க பிள்ளைங்களா" என்றார் ஆய்வாளர்.

ராத்திரி கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "உங்க ஸ்கூல் கிளார்க் வந்திருந்தார். மூணு விரல் நொறுங்கியிருக்கு. என்ன நடந்ததுன்னு கேட்டா, மதிப்பகம், மதிப்பகம்னு அழறார். அது என்ன, ஏதாவது வண்டியா?"

"பாடம்" என்றார் டீச்சர்.

"எவ்வளவு கனம் இருக்கும்?"

டீச்சர் போய்ப் படுத்துக்கொண்டார்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் ஒரு மனிதரின் மூன்று விரலோடு போயிருக்கும். வினை என்னவென்றால், அடுத்த நாள் வைத்த தேர்வில் வகுப்பு முழுக்கச் சரியாக எழுதிவிட்டது. எழுத்தரின் கால்வரை என்று எழுதியவர்களுக்கும் மார்க் போடச் சொன்னார் ஆய்வாளர். செய்தி இயக்ககத்துக்குப் போயிற்று. இயக்குநர் எல்லாப் பள்ளித் தலைமையாசிரியர்களையும், கணக்கு ஆசிரியர்களையும் கூட்டிப் பேசினார். நல்ல உயரம், கணீரென்ற குரல். கல்யாண மண்டபம் போன்ற அந்த அரங்கில் அவருக்கு மைக்கே தேவைப்படவில்லை. இருந்தும் மூன்று மைக் வைத்திருந்தார்கள்.

"நான் படிக்கிற காலத்துல இந்த மதிப்பகம் எனக்கு மண்டையில ஏறவே இல்லை" என்றார் இயக்குநர். "இன்னைக்கு வரைக்கும் ஏறலை. வெட்கப்படாம சொல்றேன். ஏன் ஏறலை? யாரும் என்னை ஒரு அடி அடிச்சுச் சொல்லலை. எனக்குப் புரியாதது ஒண்ணு நம்ம பிள்ளைங்களுக்குப் புரியணும்னா, அதுக்கு எலும்பு ஒடியத்தான் வேணும். காயம்ங்கறது கல்வியோட கையெழுத்து. இந்த அனுபவம் மேலிருந்து கீழ்வரைக்கும் எல்லாருக்கும் கிடைக்கணும்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கை தட்டாதவர்களின் பெயரை ஆய்வாளர் குறித்துக்கொண்டிருந்ததால், யார் முதலில் நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து பள்ளிகளுக்குத் தரவரிசை வந்தது. சிராய்ப்புக்கு இவ்வளவு, தையலுக்கு இவ்வளவு, முறிவுக்கு இவ்வளவு என்று புள்ளி. ஆற்றங்கரைப் பள்ளியில், கட்டிப்போட்ட நாய்க்கும் மாணவனுக்கும் உள்ள தூரத்தை மாறியாக வைத்துப் பாடம் நடத்தினார்கள். நாயின் சங்கிலி எவ்வளவு நீளம் என்பதை மட்டும் சொல்லாமல் மறைத்துவைத்தார்கள். அதுதான் கண்டுபிடிக்க வேண்டிய விடை. விடையைக் கண்டுபிடித்த பிள்ளைகளைத் துணியில் சுருட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்னொரு பள்ளியில் கொதிக்கும் நீரையும் கையையும் வைத்து ஏதோ செய்தார்கள். அந்தப் பள்ளிக்கு முதலிடம் கிடைத்தது.

எலும்பு முறிவுப் பிரிவில் படுக்கை போதவில்லை. கணவர் வெள்ளை மாவு படிந்த தலையோடு வீட்டுக்கு வந்தார்.

"ஏம்மா, இன்னும் எத்தனை பாடம் இருக்கு உங்களுக்கு?"

"இது ஒண்ணுதாங்க. இதையே இன்னும் முடிக்கலை."

"சீக்கிரம் முடிங்க. முழங்கைக்கு மேல போடறதுக்குத் துணி இல்லை."

டீச்சரின் பள்ளி தரவரிசையில் கடைசி. மூன்று கால்விரல், அதுவும் மாணவருடையது அல்ல, அரைப் புள்ளிதான். தலைமையாசிரியருக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருந்தது. போகிற நேரத்தில் இப்படி ஒரு கறுப்புப் புள்ளி வேண்டாம் என்று அவர் டீச்சரிடம் கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் ஒருநாள் மேஜைமேல் ஓங்கிக் குத்தித் தன் கையையே வீங்கவைத்துக்கொண்டார். அதையும் எழுதி அனுப்பினார். ஆசிரியர் காயம் கணக்கில் வராது என்று பதில் வந்தது.

டீச்சர் மசியவில்லை. அதனால் அவரை வெளியூரில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சியில், பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை விளக்குவதற்காக ஒரு பேராசிரியர் வரிசையாக எல்லாரையும் கன்னத்தில் அறைந்துகொண்டு வந்தார். எத்தனையாவது அறையில் முகம் சிவக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். டீச்சரின் பக்கத்தில் இருந்தவர் நல்ல மனிதர்; முதல் அறையிலேயே "சிவந்துடுச்சு சார்" என்று கத்திவிட்டார்.

டீச்சர் அங்கே அறை வாங்கிக்கொண்டிருந்தபோது, இங்கே தலைமையாசிரியரும் டிரில் மாஸ்டரும் அவருடைய வகுப்பை எடுத்துக்கொண்டார்கள். பெஞ்சின்மேல் பெஞ்சாக அடுக்கினால் உயரம் கூடும். எத்தனை பெஞ்ச் வரை அடுக்கலாம்? உச்சியில் ஏற ஓர் ஆள் வேண்டும். வகுப்பிலேயே நெட்டையான ஒரு பெண் இருந்தாள். ஒல்லி. எல்லாரும் அவளை ஒட்டடைக்குச்சி என்பார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். அவளை ஏறச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் டீச்சர் பள்ளிக்குள் நுழைந்தபோது வகுப்பறை வாசலில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். தையல் கடையில் வேலை செய்பவர். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றவில்லை. ஒட்டடைக்குச்சியின் அம்மா.

"நீங்கதான் கணக்கு டீச்சரா?"

"ஆமாங்க."

அம்மா ஓங்கி ஓர் அறை விட்டார். பயிற்சியில் வாங்கிய அறையெல்லாம் இதன் முன்னால் தடவிக்கொடுத்ததுபோல. டீச்சரின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய்க் கரும்பலகையில் மோதி உடைந்தது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"கழுத்தெலும்பு ரெண்டா போச்சு என் பொண்ணுக்கு. கை தோளோட தொங்குது. படிக்கத்தானே அனுப்பினேன்? பாவி, படிக்கத்தானே அனுப்பினேன்?"

டீச்சர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஊரிலேயே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் தலைமையாசிரியர் ஓடி வந்தார். அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ரொம்ப நன்றிம்மா. பெற்றோர் பங்கேற்புன்னு ஒரு பிரிவு காலியாவே இருந்தது. அதுக்குத் தனியா புள்ளி உண்டு."

அம்மா அவரை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒட்டடைக்குச்சி மார்பிலிருந்து தோள்வரை வெள்ளையாகக் கட்டிப்போடப்பட்டு, சுவரில் சாய்த்துவைத்த ஏணிபோல உட்கார்ந்திருந்தாள். டீச்சரின் கணவர்தான் கட்டுப் போட்டிருந்தார்.

"டீச்சர், ஏறும்போதே எனக்குத் தெரிஞ்சுது" என்றாள். "மேல் பெஞ்ச் ஆடிச்சு. விழப்போறேன்னு தெரிஞ்சுது."

"இறங்கியிருக்கலாமே கண்ணு."

"முடியாதுன்னு சொன்னா மார்க் போயிடும்னு சார் சொன்னாரு. அதான் சொல்லலை."

டீச்சர் அவளுடைய நல்ல கையைத் தடவிக்கொடுத்துவிட்டு எழுந்தார். வெளியே வந்தபோது கணவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "உதட்டுக்குத் தையல் போடணுமா?" என்று கேட்டார். "வேண்டாம். இதுக்கும் புள்ளி குடுத்துருவாங்க" என்றார் டீச்சர்.

கழுத்தெலும்பு பள்ளியைத் தூக்கிவிட்டது. கடைசியிலிருந்து ஒரே தாவலில் மூன்றாம் இடம். பாராட்டுவதற்கு இயக்குநரே நேரில் வருவதாகச் செய்தி வந்தது. அவர் முன்னால் ஒரு மாதிரி வகுப்பு நடத்த வேண்டும். தலைமையாசிரியர் பயந்துகொண்டே டீச்சரைக் கூப்பிட்டார்.

"நானே நடத்தறேன் சார்" என்றார் டீச்சர். "கயிறு இழுக்கிற போட்டி வைக்கலாம். இழுக்கிற ஆள் எத்தனை பேர்ங்கறதுதான் மாறி. கயிறு தாங்கற வரைக்கும் மதிப்பகம்."

தலைமையாசிரியருக்கு ஆனந்தக் கண்ணீர் வந்துவிட்டது.

அந்த நாளும் வந்தது. மைதானத்தின் ஓரத்தில், சுண்ணாம்புத் தூளால் டீச்சர் தன் கையாலேயே ஒரு கோடு போட்டார். பிள்ளைகளையெல்லாம் அந்தக் கோட்டுக்குப் பின்னால் உட்காரவைத்தார். எதிர்ப்பக்கம் பெற்றோர்கள். நடுவில், விளையாட்டு அறையின் பூட்டை உடைத்து எடுத்த பழைய வடம், செத்த மலைப்பாம்பு மாதிரி கிடந்தது. இயக்குநர் இயக்ககத்தையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார்; துணை, இணை, உதவி இயக்குநர்கள் என்று ஒரு வேன் நிறைய.

"பிள்ளைங்க ஏன் உட்கார்ந்திருக்காங்க? வந்து இழுக்கச் சொல்லுங்க" என்றார் இயக்குநர்.

டீச்சர் மைக்கை வாங்கினார். "ஐயா அன்னைக்குப் பேசினதை நாங்க யாரும் மறக்கலை. இந்த அனுபவம் மேலிருந்து கீழ்வரைக்கும் கிடைக்கணும்னு சொன்னீங்க. அதான், மேல இருந்து ஆரம்பிக்கலாம்னு."

பெற்றோர் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கைதட்டல் கேட்டது. அளவு நாடா தொங்கிய அம்மா. பிறகு எல்லாரும் தட்டினார்கள். இயக்குநர் ஒருமுறை வேனைப் பார்த்தார், ஒருமுறை கூட்டத்தைப் பார்த்தார், சட்டைமேல் போட்டிருந்த கோட்டைக் கழற்றினார்.

ஒரு பக்கம் இயக்குநர். அவருக்கு எதிர்ப்பக்கம் நிற்க ஆய்வாளர் தானாகவே முன்வந்தார். இயக்குநர் நாற்காலி தனக்கு வந்திருக்க வேண்டியது என்று அவர் சொல்லாத ஆள் இல்லை. இயக்குநரிடம் மட்டும்தான் சொன்னதில்லை.

டீச்சர் வடத்தைத் தொட்டுக் காட்டி விளக்கினார். "பழைய வடம் இது. பக்கத்துக்கு ஆறு பேர் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல..." அவர் நிறுத்தினார்.

"அதுக்கு மேல என்ன டீச்சர்?" என்றார் இயக்குநர்.

"சொல்ல அனுமதி இல்லைங்க ஐயா."

இயக்குநர் கூட்டத்தைப் பார்த்து முழங்கினார். "பார்த்தீங்களா! இதுதான் ஒழுக்கம்! இந்தத் துறையை எவ்வளவு பண்படுத்தி வெச்சிருக்கோம் பாருங்க!"

பக்கத்துக்கு ஆறு பேராகப் பிடித்தார்கள். ஆனால் இயக்குநர் வியர்வை சிந்தும்போது சும்மா நின்றால் பதவி உயர்வு எப்படி வரும்? ஓர் உதவி ஓடி வந்து பிடித்தார். அதைப் பார்த்து ஒரு துணை. இந்தப் பக்கம் கூடியதைப் பார்த்து, ஆய்வாளரின் ஆட்கள் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள். தலைமையாசிரியர் இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடினார். சிலர் வழுக்காமல் இருக்க வடத்தைக் கையில் சுற்றிக்கொண்டார்கள். டீச்சர் டிரில் மாஸ்டரின் சட்டையைப் பிடித்து, "கையில சுத்தினவங்களை எடுக்கச் சொல்லுங்க" என்றார். அவர் விசிலை ஊதினார். எல்லாரும் அதை, இன்னும் பலமாக இழுக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள்.

"இழுடா! அந்தச் சோம்பேறியை இழு!" என்று கத்தினார் ஆய்வாளர்.

"யாரைடா சொன்னே?" என்றார் இயக்குநர்.

வடம் அறுந்தது.

துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். அறுந்த முனை சாட்டையாகச் சுழன்று வந்து ஆய்வாளரின் முகவாயைப் பிளந்தது; பல் மூன்று மைதானத்தில் தெறித்தது. இயக்குநர் பின்னால் சரிந்தார். அவர்மேல் துணை, துணைமேல் இணை, இணைமேல் உதவி. கீழே கிடந்த கைகள் விறகு முறிவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. கையில் சுற்றியிருந்த ஒருவருக்கு விரல்களின் தோல் அப்படியே உரிந்து வந்தது. டிரில் மாஸ்டர் விசிலை முன்பல்லோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

அதோடாவது நின்றதா? வாயில் ரத்தம் ஒழுக எழுந்த ஆய்வாளர் அறுந்த வடத்தின் துண்டை எடுத்துக்கொண்டு நேராக இயக்குநரிடம் போனார். நாற்காலிக் கணக்கையெல்லாம் முதுகில் எழுதினார். இயக்குநரின் ஆட்கள் நிஜ நாற்காலிகளை எடுத்தார்கள். விலக்கப்போன தலைமையாசிரியரின் தலையில் மைக் கம்பி இறங்கியது. மைக் அணைக்கப்படாததால் அந்த 'டங்' மட்டும் நான்கு தெருவுக்குக் கேட்டது.

சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் ஒரு பிள்ளைகூட அசையவில்லை. ஒருவருக்கும் ஒரு சிராய்ப்பும் இல்லை.

இப்படி ஆகும் என்று டீச்சருக்குத் தெரியும். ஆனாலும் ரத்தம் ரத்தம்தான். அவர் ஓரமாகப் போய்க் குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தார். நிமிர்ந்தபோது தையல்கார அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றார்.

"குடிங்க டீச்சர். கன்னம் இன்னும் வலிக்குதா?"

"இல்லைங்க."

"எனக்குக் கை வலிக்குது" என்றார் அம்மா.

அன்று மாலைக்குள் வாழ்க்கைக் கணித இயக்ககம் மொத்தமும் எலும்பு முறிவுப் பிரிவுக்கு இடம் மாறியது. ஆய்வாளரின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். அவர் வாயிலிருந்து எந்த வார்த்தையும் வர வழியில்லை. இயக்குநர் மட்டும் பேசினார். இரண்டு கையும் முறிந்து கிடந்த நிலையிலும், கணக்கு டீச்சரை உடனே வேலையைவிட்டு நீக்க வேண்டும் என்று கர்ஜித்தார். உத்தரவை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். கையெழுத்துப் போட அவர் வேண்டும். அவரால் ஆகாவிட்டால் இணை. இணையால் ஆகாவிட்டால் துணை. இணையும் துணையும் அடுத்தடுத்த படுக்கைகளில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சரின் கணவர் ஈரத் துணியை மாவில் தோய்த்துக்கொண்டே பணிவாகக் கேட்டார். "ஐயாவுக்கு எழுதற கை எது?"

"வலது கை. ஏன்?"

"அதுல விரலும் விரிசல் விட்டிருக்குங்க. நுனிவரைக்கும் போட்டாத்தான் நிக்கும்." அவர் பொய் சொல்லவில்லை. படம் எடுத்துப் பார்த்த டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார்.

கையெழுத்துப் போட ஆளில்லாமல் பள்ளிகள் நடந்தன. நாய்கள் சங்கிலியில் தூங்கின. ஒட்டடைக்குச்சி கட்டோடு வகுப்புக்கு வந்து, இடது கையால் கோணல்மாணலாக எழுதப் பழகினாள். வர்க்கமூலத்துக்குள் குறை எண் ஏன் போடக்கூடாது என்று டீச்சர் ஒரு முழு வகுப்பு நடத்தினார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அதைக் கேட்க டீச்சருக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவர் கணவரிடம் கேட்டார்.

"இயக்குநர் கட்டை எப்பங்க பிரிப்பீங்க?"

"நேத்தே பிரிச்சிருக்கணும்."

"அப்புறம்?"

"கட்டு வெட்டுற ரம்பம் பழுது. புதுசு கேட்டு எழுதிப் போட்டிருக்கேன்."

"எப்ப வரும்?"

"எங்களுக்கும் ஒரு மேலிடம் இருக்கு இல்ல?" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவ எழுந்து போனார்.